வாசகர் கேள்வி – பதில்: கல்லூரிக் களத்தில் நிலைத்த இடம்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து அண்மைக் காலமாக வரும் கடிதங்களில் பல, பிள்ளைகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியவை. காலால் உதைத்து ஆடும் உலகக் கால்பந்து அன்று. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். கல்லூரி அணியில் இடம் கிடைத்த பிறகும் களத்தில் இறங்கும் வாய்ப்பு சீராகக் கிடைப்பதில்லை என்பதே பெரும்பாலான கடிதங்களின் ஏக்கம். ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அணியில் சேஃப்டியாக (தடுப்புக் குழுவின் கடைசி வரிசைக் காவலராக) ஆடுகிறான். மூன்று கல்லூரிகள் அழைத்திருக்கின்றன. கல்லூரிக் காலம் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்தே போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. எதைப் பார்த்து முடிவு செய்வது, ஐயா?
– ஒரு தாய், டல்லஸ்

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஓர் அணிக்குக் களத்தில் 11 பேர். தாக்கி ஆடும் குழு, தடுத்து ஆடும் குழு இரண்டையும் சேர்த்தால் தொடக்க வரிசையில் 22 இடங்கள். அவற்றோடு பந்தை உதைப்பவர்கள் சிலர். ஆனால் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் மேல்நிலையான எஃப்.பி.எஸ். கல்லூரிகளில், நெடுங்காலம் 85 பேருக்கு முழு உதவித்தொகை இருந்தது. உதவித்தொகை இல்லாமல் சேரும் வாக்-ஆன் மாணவர்களையும் கணக்கில் கொண்டால் பல அணிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது தொடர்பான ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த பிறகு, அந்தச் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் அணியின் மொத்த எண்ணிக்கைக்கே 105 என்ற வரம்பு வந்துவிட்டது. அப்படிப் பார்த்தாலும் ஐந்தில் நான்கு பேர் தொடக்க வரிசைக்கு வெளியே நிற்பவர்கள்தாம்.

ஒவ்வொரு கல்லூரியும் தன் அணிப் பட்டியலை வெளியிடுகிறது. அதில் சேஃப்டி என்று குறிக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்து, யார் எந்த ஆண்டில் படிக்கிறார், உங்கள் மகன் இரண்டாம் ஆண்டுக்கு வரும்போது யார் யார் படிப்பை முடித்திருப்பார்கள், யார் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒரே இடத்துக்கு மும்மூன்று பேரைச் சேர்த்திருக்கும் கல்லூரி, அவர்களில் பாதிப் பேர் விலகிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தே சேர்க்கிறது. நேரில் அழைக்கும்போது பயிற்சியாளரிடம் உங்கள் மகனே கேட்கட்டும்: “மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் இந்த இடத்துக்கு நீங்கள் சேர்த்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?” இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு லட்சம் பேர் அமரும் அரங்கின் ஓரத்தில் நான்கு ஆண்டுகள் நிற்பதைவிட, சிறிய அரங்கில் மூன்று ஆண்டுகள் முழுமையாக ஆடுவது உங்கள் மகனுக்கு நல்லது. எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவரான கூப்பர் கப் பள்ளியை முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவரை நாடி வரவில்லை. முதல் பிரிவின் அடுத்த நிலையான எஃப்.சி.எஸ்.ஸில் உள்ள ஈஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஓராண்டு காத்திருந்துவிட்டு, 2013 முதல் 2016 வரை நான்கு பருவங்கள் இடைவிடாமல் ஆடி 428 பந்துகளைப் பிடித்தார், அவற்றால் அணியை 6,464 கஜம் முன்னேற்றினார். 2022 பிப்ரவரியில் நடந்த, தொழில்முறை அணிகளின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஆடி ஆடித்தான் ஆட்டம் தேறும். பெரிய பெயருக்காக அந்த வாய்ப்பை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முதலாண்டு மாணவன் நான். ஆகஸ்ட் முகாமிலிருந்து ஒரு நாள்கூடப் பயிற்சியைத் தவறவிடவில்லை. ஆனாலும் இந்த ஆண்டு ரெட்ஷர்ட் என்று சொல்லிவிட்டார்கள். வாரம் முழுவதும் ஸ்கவுட் அணியில் எதிரணியைப் போல நடித்துக்கொண்டிருக்கிறேன். என்னை ஒதுக்கிவிட்டார்களா?
– ஒரு மாணவர், ஓஹையோ

இல்லை, தம்பி. ரெட்ஷர்ட் என்பது தண்டனை அன்று. பருவத்தின் ஆட்டங்களில் பெரும்பாலும் இறக்காமல், உங்கள் கணக்கிலிருந்து ஓர் ஆண்டைச் செலவழிக்காமல் சேமித்து வைப்பது. ஐந்து ஆண்டுக் காலத்துக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பதே முதல் பிரிவில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஏற்பாடு. 2018இல் வந்த திருத்தத்தின்படி, ஒரு பருவத்தில் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்தப் பருவம் கணக்கில் சேராது. இந்த விதிகள் அடிக்கடி மாற்றப்படுகின்றன. உங்கள் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் இன்றைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதினெட்டு வயது உடம்பு இருபத்திரண்டு வயது உடம்போடு மோதும் ஆட்டம் இது. முன்வரிசையில் நிற்கும் பையன்கள் முதலாண்டில் பத்துக் கிலோவுக்கு மேல் எடை கூட்டிக்கொள்வதும் உண்டு. அந்த வளர்ச்சிக்கு முன்னால் களத்தில் இறங்கி அடிபடுவதைவிட எடைப்பயிற்சிக் கூடத்தில் ஓராண்டு உழைப்பது மேல்.

ஸ்கவுட் அணியைக் குறைவாக எண்ண வேண்டாம். வரும் சனிக்கிழமை சந்திக்கப்போகும் எதிரணியின் ஆட்டத்தை அட்டையில் பார்த்து அப்படியே ஆடிக்காட்டுவதுதான் அதன் வேலை; அதை நீங்கள் ஆடிக்காட்டுவது உங்கள் கல்லூரியின் முதல் வரிசை ஆட்டக்காரர்களுக்கு எதிரில், தலைமைப் பயிற்சியாளரின் கண் முன்னால். ஸ்டெட்சன் பென்னெட் 2017இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாத வாக்-ஆனாகச் சேர்ந்தவர். அந்தப் பருவத்தின் முடிவில் ரோஸ் பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்துக்காக அணி தயாரானபோது, எதிரணியான ஓக்லஹோமாவின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பேக்கர் மேஃபீல்டைப் போல ஸ்கவுட் அணியில் ஆடிக்காட்டியவர் அவர்தான். அந்த வேலையை அவர் செய்த விதத்தைச் சக ஆட்டக்காரர்கள் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு மிசிசிப்பியில் உள்ள ஒரு ஈராண்டுக் கல்லூரிக்குப் போய் ஆடினார். 2019இல் உதவித்தொகையோடு திரும்பி வந்தார். 2021இல் முதல் குவாட்டர்பேக் காயமுற்றபோது அந்த இடம் அவருடையதாயிற்று. 2022 ஜனவரியிலும் 2023 ஜனவரியிலும் தேசியப் பட்டத்தை வென்ற அணியின் குவாட்டர்பேக் அவர்.

இரண்டாம் ஆண்டு ரன்னிங் பேக் நான்; பந்தை ஏந்தி ஓடுவது என் வேலை. ஓட்டத்தில் எங்கள் அணியில் என்னைவிட வேகமானவர் இல்லை. ஆனால் ஒரு வாரம் பதினைந்து முறை பந்து தருகிறார்கள். அடுத்த வாரம் இரண்டே முறை. சீரான வாய்ப்புப் பெற என்ன செய்ய வேண்டும்?
– ஒரு மாணவர், வட கரோலினா

வேகம் உங்களைக் களத்துக்குள் அழைத்து வரும். ஆனால் களத்தில் நிறுத்தி வைப்பது பயிற்சியாளரின் நம்பிக்கை. நான் பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைக் கவனித்து வந்ததில் உறுதியாகக் கண்டது ஒன்று: சனிக்கிழமை யார் ஆடுவார் என்பது செவ்வாய், புதன் கிழமைகளிலேயே முடிவாகிவிடுகிறது. கடும்பயிற்சி நடக்கும் நாட்கள் அவை. ஒவ்வொரு ஆட்ட அசைவும் படம்பிடிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடப்படுகிறது. உங்கள் கால் எவ்வளவு வேகமாகப் போனது என்பதற்கு மட்டும் அந்த மதிப்பெண் இல்லை. போக வேண்டிய இடத்துக்குப் போனீர்களா, காக்க வேண்டியவரைக் காத்தீர்களா என்பதற்கும் சேர்த்துத்தான்.

ரன்னிங் பேக்குக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். குவாட்டர்பேக் பந்தை எறியப் போகும் ஆட்டங்களில், பாய்ந்து வரும் எதிரணித் தடுப்பாளரான லைன்பேக்கரைக் கண்டுபிடித்து, அவர் எதிரில் நின்று மார்பில் வாங்குவது உங்கள் கடமை. அதில் ஒரு முறை ஆளை மாற்றிப் பிடித்தால் குவாட்டர்பேக்கின் தோள்பட்டை போய்விடும். எனவே அந்தப் பாடம் தெரியாதவரை, எவ்வளவு வேகமானவராக இருந்தாலும், எறிய வேண்டிய மூன்றாம் முயற்சிகளில் பயிற்சியாளர் வெளியே அழைத்துவிடுவார். எதிரணி எறிந்து ஆட வைக்கும் வாரத்தில் உங்கள் வாய்ப்பு இரண்டாகச் சுருங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ரன்னிங் பேக் பயிற்சியாளரிடம் போய், “நான் ஏன் ஆடவில்லை?” என்று கேட்காமல், “பாதுகாப்பில் என் மதிப்பெண் என்ன? எந்த ஆட்டங்களில் தவறினேன்? எனக்குக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் சமாதானம் சொல்வார். இரண்டாவதற்கு உங்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பார். பருவ காலத்தில் கல்லூரி உங்களிடம் கட்டாயமாகப் பெறக்கூடிய நேரம் வாரத்துக்கு 20 மணி. அதற்கு மேல் நீங்களாக உட்கார்ந்து பார்க்கும் படம்தான் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும்.

வாய்ப்பைக் குறைக்கும் மற்றொன்று, கையிலிருக்கும் பந்தைத் தவறவிடுவது. ஆனால் அது வாழ்நாள் பழியாகிவிடுவதில்லை. முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழக முதல் அணியில் ஆடலாம் என்று 1972இல் விதி மாறியபோது ஓஹையோ ஸ்டேட்டில் சேர்ந்தவர் ஆர்ச்சி கிரிஃபின். அயோவாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், கையில் வாங்கிய முதல் பந்தையே நழுவவிட்டார். அடுத்த ஆட்டம் வட கரோலினாவுக்கு எதிராக. அவரைக் களமிறக்கும்படி ரன்னிங் பேக்குகளின் பயிற்சியாளர் ரூடி ஹப்பார்டு தலைமைப் பயிற்சியாளர் வுடி ஹேய்ஸிடம் எடுத்துச் சொன்னார். கிரிஃபின் அன்று 239 கஜம் ஓடிக் கல்லூரியின் சாதனையை முறியடித்தார். பின்பு கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை 1974, 1975 என இரண்டு முறை பெற்றார். ஒரு தவறுக்குப் பிறகும் உங்களுக்காகப் பேசத் தயாராக இருக்கும் உதவிப் பயிற்சியாளர் ஒருவரை உங்கள் பயிற்சி நாட்கள்தாம் உருவாக்கித் தர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதை ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸில் இடம் கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு யாரை அழைத்துச் செல்வது என்று பட்டியல் போடும்போது, இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்களில் உதை ஆட்டத்துக்கும் பயன்படுகிறவர் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள்.

பயிற்சியாளருக்கு என் மகனைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நான் அவரிடம் தொலைபேசியில் பேசலாமா?
– ஒரு தந்தை, நியூ ஜெர்சி

வேண்டாம், ஐயா. ஆட்ட நேரத்தைப் பற்றிப் பெற்றோர் பேசினால் மகன் சிறுவனாகிவிடுகிறான். அவனே நேரம் கேட்டு, தனியாகச் சந்தித்து, மரியாதையோடு கேட்கட்டும். உடல்நலம், மனநலம், பாதுகாப்பு தொடர்பானதாக இருந்தால் மட்டும் தயங்காமல் பேசுங்கள்; அங்கே பெற்றோரின் உரிமைக்கு எல்லை இல்லை.

இரண்டு பருவங்கள் தொடக்க வரிசையில் ஆடினேன். இந்த ஆண்டு, கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறொருவரைக் கொண்டுவந்து என் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். நானும் மாறிப் போய்விடலாமா?
– ஒரு மாணவர், அலபாமா

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. உழைத்துப் பெற்ற இடத்தை ஒரு முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற வலி சாதாரணமானதன்று. ஆயினும் இன்றைய கல்லூரி ஆட்டத்தின் அமைப்பே இப்படி ஆகிவிட்டது. போர்ட்டல் 2018 அக்டோபரில் திறக்கப்பட்டது. 2021இல் ஒரு முறை மாறுவோர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றானது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று கதவு முழுவதும் திறந்துவிடப்பட்டது. உங்களைப் போகவிடும் அதே கதவு வழியாகத்தான் உங்கள் இடத்துக்குப் போட்டியாளரும் வருகிறார்.

மாறுவதற்கு முன்னால் இரண்டு பேரின் கதையை எண்ணிப் பாருங்கள். ஜேலன் ஹர்ட்ஸ் 2016இல் முதலாண்டு மாணவராகவே அலபாமாவின் குவாட்டர்பேக். 2018 ஜனவரியில் ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தில், இடைவேளையின்போது 13–0 எனப் பின்தங்கியிருந்த நிலையில், அவரை நிறுத்திவிட்டு டுவா டகோவைலோவாவை இறக்கினார்கள். அணி 26–23 என வென்றது. நாடே பார்த்துக்கொண்டிருக்க இடம் பறிபோன அந்த இளைஞர் அடுத்த பருவத்தில் விலகிப் போகவில்லை. பயிற்சிக்கு வந்தார், காத்திருந்தார், படிப்பை முடித்தார். 2018 டிசம்பர் 1 அன்று அதே ஜார்ஜியாவுக்கு எதிரான, எஸ்.இ.சி. என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் டுவா காயமுற்றபோது, 28–21 எனப் பின்தங்கிய நிலையில் இறங்கி, 35–28 என வெற்றி பெற்றுத் தந்தார். அதன் பிறகுதான் ஓக்லஹோமாவுக்கு மாறினார்.

ஜோ பரோ ஓஹையோ ஸ்டேட்டில் மூன்று ஆண்டுகள் இருந்தும் ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க வரிசையில் நிற்கவில்லை. 2018 வசந்தப் பயிற்சிக்குப் பின்பு இடம் டுவேன் ஹாஸ்கின்ஸுக்கு என்பது தெளிவானதும், லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யு.) மாறினார். 2019இல் டச்டவுனாக (எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளியாக) முடிந்த 60 பந்துகளை எறிந்து, தோல்வியே காணாமல் 15 ஆட்டங்களையும் வென்றார். அந்த ஆண்டு ஹைஸ்மன் வாக்கெடுப்பில் முதலிடம் பரோவுக்கு, இரண்டாமிடம் ஹர்ட்ஸுக்கு.

இந்த இருவரும் கல்லூரி மாறும்போது கையில் படித்து வாங்கிய பட்டம் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனவே உங்களிடம் நான் கேட்பது இவைதாம்: பட்டத்துக்கு இன்னும் எத்தனை பாடங்கள் மீதம்? புதிய கல்லூரி உங்கள் பாட அலகுகளில் (கிரெடிட்) எத்தனையை ஏற்கும்? பெயரைப் போர்ட்டலில் பதிந்த பிறகு உங்கள் உதவித்தொகையைத் தொடர இப்போதைய கல்லூரிக்குக் கட்டாயம் இல்லை. வேறு இடம் அமையாமல் போர்ட்டலிலேயே நின்றுவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். 2026 முதல் பதிவதற்கான காலமும் ஜனவரி 2 முதல் 16 வரை என்று ஒரே சன்னலாகச் சுருங்கிவிட்டது. இந்த அணியில் இன்னும் ஒரு வசந்தப் பயிற்சியில் போட்டியிட்டுப் பார்க்கலாம் என்ற வாய்ப்பு அதனால் இல்லாமல் போகிறது.

அணியின் தாக்குதல் முறையே மாறி, உங்களைப் போன்ற ஆட்டக்காரருக்கு அதில் வேலை இல்லை என்றால் போங்கள். உங்களை அழைத்த பயிற்சியாளரே போய்விட்டார் என்றாலும் போகலாம். வந்தவர் இன்றைக்கு உங்களைவிட ஒரு படி நன்றாக ஆடுகிறார் என்பது மட்டும் காரணமானால், ஒரு பருவம் பொறுத்துப் போராடிப் பார்க்கும்படி சொல்வேன். பருவம் பன்னிரண்டு ஆட்டங்கள். இந்த ஆட்டத்தில் எவருக்கும் பன்னிரண்டு வாரமும் உடம்பு ஒத்துழைப்பதில்லை.

தொடைத் தசையில் பிடிப்பு இருக்கிறது. சொன்னால் இடம் போய்விடும் என்று பயந்து மறைத்து ஆடுகிறேன். சரியா?
– ஒரு மாணவர், மிச்சிகன்

சரியில்லை, தம்பி. பிடித்த தசையோடு ஓடுபவரின் ஓட்டம் படத்தில் அப்படியே தெரியும். பயிற்சியாளர் அதை வலி என்று எண்ண மாட்டார், சோம்பல் என்று எண்ணுவார். இரண்டு வாரத்தில் ஆறக்கூடியது கிழிந்து போனால் இரண்டு மாதமாகும். இன்றே அணியின் காயங்களைக் கவனிக்கும் உடல்நலப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பருவத்தின் முதல் பாதியில் காயமுற்று, சுமார் 30 விழுக்காட்டுக்கு மேல் ஆடாமல், அந்தப் பருவம் முழுவதையும் இழக்க நேர்ந்தால், மருத்துவக் காரணத்தால் அந்த ஆண்டைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

தலையில் அடிபட்டதை மட்டும் ஒருபோதும், யாருக்காகவும், எந்த ஆட்டத்துக்காகவும் மறைக்க வேண்டாம். இதை உங்கள் குடும்பத்து மூத்தவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்கும் படிப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது பெற்றோரைச் சமாதானப்படுத்தச் சொல்வதா?
– ஒரு வாசகி, சான் ஹோசே

நேரடித் தொடர்பு உண்டு. களத்தில் ஆடும் தகுதி நீடிக்க, பட்டத்துக்குரிய பாடங்களில் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது 40 விழுக்காடும், நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 விழுக்காடும் முடித்திருக்க வேண்டும். இந்த ஆட்டத்துக்கு மட்டும் இன்னொரு விதியும் இருக்கிறது: இலையுதிர் காலக் கல்விப் பருவத்தில் 9 பாட அலகுகளை முடிக்கத் தவறியவர் அடுத்த ஆண்டின் முதல் நான்கு ஆட்டங்களில் இறங்க முடியாது. அந்த நான்கு வாரத்தில் வேறொருவர் உங்கள் இடத்தில் வேர் பிடித்துவிடுவார். மூன்றாம் ஆண்டில் பாடப்பிரிவை மாற்ற விரும்பினால், இந்த விழுக்காட்டுக் கணக்கை ஆலோசகரிடம் சரிபார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கோவையிலிருந்தபடி இணையத்தில் இந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன். கல்லூரிக் காலம் முழுவதும் தவறாமல் ஆடியவர்களில் நீங்கள் மதிக்கும் ஒருவரைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

கெல்லன் மூர். வாஷிங்டன் மாநிலத்தின் பிராஸர் என்ற சிற்றூர்க்காரர். தந்தை அங்கே உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர். உயரம் குறைவு, கையில் வலு குறைவு என்று பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளவில்லை. பாய்ஸி ஸ்டேட்டில் 2007 முழுவதும் ரெட்ஷர்ட்டாகக் காத்திருந்தார். 2008 முதல் 2011 வரை 53 ஆட்டங்களைத் தொடங்கி 50 ஆட்டங்களில் வென்றார், எஃப்.பி.எஸ். குவாட்டர்பேக் ஒருவர் பெற்ற மிக அதிகமான வெற்றிகள் அவை. அவருடைய பலமெல்லாம், எதிரணி எங்கே நிற்கப்போகிறது என்பதைப் பந்து கைக்கு வரும் முன்பே அறிந்து வைத்திருந்ததில்தான் இருந்தது. தொழில்முறை அணிகள் 2012 ஆட்டக்காரர் தேர்வில் அவரை எடுக்கவில்லை, பின்பு பயிற்சியாளரானார். 2025 முதல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக, யாரைக் களத்தில் இறக்குவது என்று முடிவு செய்யும் இடத்தில் அவரே இருக்கிறார்.